'வெரி' சொன்னால் தேநீர்

நான் என் வாழ்க்கையில் ஒரேயொரு சட்டம்தான் இயற்றியிருக்கிறேன். "வெரி" என்ற ஆங்கிலச் சொல்லை வாயில் எடுப்பவர், மேசையில் இருக்கும் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுக்கவேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்காபரோவில் ஒரு சமூக மண்டபத்தின் பின்னறையில், சனிக்கிழமை காலைகளில் மட்டும், ஒரே ஒரு மேசையில் இந்தச் சட்டம் அமுலில் இருந்தது. எந்த நாடாளுமன்றமும் அதை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் நான் அறிந்த வேறெந்தச் சட்டத்தையும் விட ஒழுங்காக அது கடைப்பிடிக்கப்பட்டது. அதன் புண்ணியத்தில்தான் என் மனைவி கனடா வந்து சேர்ந்தாள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவளும் நெடுநாள் நம்பவில்லை.

அப்போது நான் ஸ்காபரோவிலேயே வோபர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், என்னைப் போலவே யாரையோ ஊரில் காத்திருக்க வைத்துவிட்டு வந்த சிலரோடு ஒரே வீட்டில் இருந்தேன். என் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். நிரந்தர வேலை ஒன்று இருந்தால் அவளை அழைக்கும் ஸ்பொன்சர் அலுவல் சுகமாக நடக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு இருந்தது, ஓர் உணவகத்தில் கூப்பிட்ட நாளுக்குப் போய்க் கோப்பை கழுவும் வேலை. தொலைபேசியில் மனைவி வேறு எதுவும் கேட்பதில்லை.

"வேலை ஏதும் சரிவந்ததோ?"

"சரிவரும் போலத்தான் கிடக்கு."

"உங்கட 'போல' எனக்குத் தெரியும்."

அவளைக் குறை சொல்ல முடியாது. பெண் பார்க்கப் போனபோது எங்கள் மாமா, "மாப்பிள்ளைக்குக் கடை பெரிசாகப் போகுது போல" என்று சொல்லித்தான் கலியாணத்தை ஒப்பேற்றினார். ஊரில் எனக்கு ஒரு ரேடியோ திருத்தும் கடை இருந்தது. அதன் உள்ளே நானும் ரேடியோவும் ஒரே நேரத்தில் இருப்பது கஷ்டம். பெரிசாகப் போவதற்கு அங்கே இடமில்லை.

வேலைக்கு நான் முயலவில்லை என்று சொல்லாதீர்கள். மிசிசாகாவில் ஒரு களஞ்சியசாலைக்கு மூன்று பஸ் மாறி நேர்முகத்துக்குப் போனேன். மேசைக்கு அப்பால் இருந்த பெண், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். மனது குளிர்ந்துவிட்டது. இப்படி அன்பாக என்னை யாரும் விசாரித்து எவ்வளவு நாளாகிறது! என் தகப்பனார் தபால் கந்தோரில் இருந்தவர், தாய்மாமன் பெரிய நியாயவாதி, எனக்கு மூத்த அக்காமார் எல்லோரும் நல்ல இடங்களில் கலியாணம் செய்து இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சின்னக்காவின் கணவரின் உத்தியோகத்துக்கு வந்தபோது அந்தப் பெண் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, "உங்களுடைய பலம் என்ன?" என்று கேட்டார். நான் கெட்டிக்காரன் என்று நானே எப்படிச் சொல்வது? அதைச் சொல்வதற்குத்தானே மாமாவை வைத்திருக்கிறோம்? "ஏதோ கொஞ்சம் தெரியும். காட்டித் தந்தால் செய்வேன்" என்றேன். பதில் கடிதம்கூட வரவில்லை.

வீட்டில் மூத்தவரை எல்லோரும் அண்ணை என்போம். மாலையில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"டேய், அவள் உன்னைப் பற்றிக் கேட்டால் நீ ஏன்ரா குடும்பத்தைக் கொண்டுபோய் நிப்பாட்டினனி?"

"நான் எண்டால் வேற ஆர் அண்ணை? அவையள்தானே நான்?"

அண்ணை எழுந்துபோய்க் கறிச்சட்டியைத் திறந்து பார்த்தார். அவரும் அதே மாதிரி ஒரு நேர்முகத்தில் தன் கொழும்புத்துறைப் பெரியப்பாவை விவரித்தவர்தான் என்பது பின்னாளில் வெளிவந்தது.

ஆங்கிலத்தைத் திருத்தினால் எல்லாம் திருந்தும் என்று முடிவு செய்து அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வெள்ளைக்காரப் பெண்மணி, மெல்லிய குரல். முதல்நாள் அவர் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் நானே பதில் சொன்னேன். பதில்கள் சரியென்று நான் வாதிடமாட்டேன், ஆனால் சத்தம் நல்ல சத்தம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தைக் கோரஸாகத்தான் படிப்பித்தார்கள். இடைவேளையில் அவர் என்னை அழைத்து, உதவிக்கு ஆட்கள் போதவில்லை, நீங்கள் ஒரு மேசையைப் பார்த்துக்கொள்கிறீர்களா, கனேடிய அனுபவம் என்று வேலை விண்ணப்பத்தில் போடலாம் என்றார். படிக்கப் போனவன் படிப்பிக்கிறவனாக வீடு திரும்பினேன்.

"நீ இங்கிலீஷ் படிப்பிக்கப் போறியோ?" அண்ணை சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "ஆருக்கு?"

"சீனாக்காரருக்கு, அண்ணை."

"பாவமடாப்பா. அந்தச் சனம் உனக்கு என்ன செய்தது?"

என் மேசையில் இருந்தவர்கள் ஹொங்கொங்கிலிருந்து வந்த ஒரு வயதான கணவனும் மனைவியும், சீனப் பெருநிலத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும். அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில், கீறல் விழுந்த வில்லைகளைப் பார்த்து ஒதுக்கும் வேலை. மனதுக்குள் நான் அவரை அக்கா என்றே அழைத்தேன், இங்கும் அப்படியே அழைக்கிறேன். அவர் என்னை வாய் நிறைய "டீச்சர்" என்றார். என்னை அப்படி அழைத்த முதல் மனிதர் அவர்தான். கடைசி மனிதரும் அவர்தான்.

ஆசிரியை எங்கள் மேசைக்குக் கொடுத்த பாடம், அழுத்திச் சொல்வதற்கான சொற்கள். வெரி, ரியலி, சோ, எக்ஸ்ட்ரீம்லி, அப்சலூட்லி. அக்காவிடம் ஏற்கனவே ஒரு "வெரி" இருந்தது. அதை அவர் எல்லாவற்றுக்கும் போடுவார். பஸ் வெரி பெரிது, மழை வெரி ஈரம், கணவர் வெரி நலம். ஒருமுறை, "என் வீடு வெரி கிட்ட, வாருங்கள்" என்று அழைத்தார். பனிக்குள் நடந்தோம், நடந்தோம், அடுத்த நகரசபை எல்லை வந்துவிடும் போலிருந்தது. காது இரண்டும் என்னுடையவைதானா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. அவர்கள் மொழியில் "வீடு கிட்ட" என்று மொட்டையாகச் சொன்னால் வசனம் பாதியில் நிற்பது போல இருக்குமாம். முன்னால் ஒரு சின்னச் சொல்லை வைக்கவேண்டும். அகராதி அந்தச் சொல்லுக்கு "வெரி" என்று பொருள் எழுதியிருக்கிறது. ஆனால் பேச்சில் அதற்குப் பெரிய வலு ஒன்றும் கிடையாது, சோற்றுக்குப் போடும் உப்பு மாதிரி. சோற்றில் உப்பு இருக்கிறது என்று யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அக்கா "வெரி" என்றால் உப்புப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம், உறைக்கிறது என்று அர்த்தமில்லை.

அப்போதுதான் சட்டத்தை இயற்றினேன். உப்பை மறைத்து வைத்தால் மற்றச் சரக்குகளைத் தேடுவார்கள் அல்லவா? மண்டபத்தில் ஒரு கெற்றிலும் தேயிலைப் பைகளும் இருந்தன. முதல் சனிக்கிழமை அக்கா எழுந்து எழுந்து தேநீர் போட்டுக் களைத்துப்போனார். மூன்றாவது கோப்பைக்குப் பிறகு ஹொங்கொங் முதியவர் என்னிடம் கெஞ்சினார், "போதும், என் வயிறு ரியலி நிரம்பிவிட்டது." சட்டம் வேலை செய்தது!

மற்றச் சொற்களை நான் சமையலாக விளக்கினேன். "ரியலி" மிளகு. "எக்ஸ்ட்ரீம்லி" உறைக்கிற கொச்சிக்காய்த்தூள், அளந்து போடவேண்டும். "அப்சலூட்லி" வேறு சாதி. அது ஏற்கனவே உச்சியில் நிற்கும் சொல்லோடுதான் சேரும். குளிர் என்பதோடு சேராது, உறைகுளிர் என்பதோடு சேரும். "தண்ணீர் கொதித்துவிட்டதா? ஓம். அதற்கு மேல் கொஞ்சம் கொதிக்குமா? கொதிக்காது. அங்கேதான் அப்சலூட்லி" என்று கெற்றிலைக் காட்டிச் சொன்னேன். இதை எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். ஆசிரியை தந்த தாளை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வாசித்திருந்தேன்.

சொல் வந்தது, சத்தம் வரவில்லை. எல்லாவற்றையும் பஸ் நிறுத்தத்தின் பெயர் சொல்வது போல ஒரே மட்டத்தில் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு அக்கா விளக்கினார். "எங்கள் மொழியில் குரலை ஏற்றினால் அது வேறு சொல்லாகிவிடும், டீச்சர், அதனால் குரலைத் தூக்கப் பயமாக இருக்கிறது." எனக்கு இது புதிதாக இருந்தது. நாங்கள் பெரிய மாடு என்பதை இழுத்தே மாட்டைப் பெருப்பிக்கிறவர்கள். பெரீய மாடு. பெரீஈஈய மாடு. இதை அவர்களுக்குச் செய்து காட்டினேன். "சோஓஓ கோல்ட்!" மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். முன்னறையிலிருந்து ஆசிரியை ஓடிவந்து கதவைத் திறந்து, யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

அடுத்த பாடம், அந்தச் சொற்களைப் போட்டு உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது. வேலை நேர்முகத்துக்கு உதவும் என்று தாளில் இருந்தது. தாளை வாசித்தபோதே எனக்கு மிசிசாகா ஞாபகம் வந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "நான் கெட்டிக்காரியில்லை. கொஞ்சம் வேலை தெரியும்" என்றார். முதியவர், "நான் கிழவன்" என்றார். அவர் மனைவி, கணவரைப் பார்த்துத் தலையாட்டி அதை ஆமோதித்தார். நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். ரேடியோக் கடைக்குப் பக்கத்தில் பிறந்திருக்கவேண்டிய சனம் இது! யாராவது நன்றாக இருக்கிறது என்றால் இல்லையில்லை என்று கையை ஆட்டுகிற, பத்துக் கறி வைத்துவிட்டு ஒன்றுமில்லை என்கிற எங்கள் ஆட்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. "சரி, உங்களைப் பற்றி வேண்டாம். பக்கத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் அவருக்கு மாமா. கலியாணம் பேசப் போகிறீர்கள்."

அணை உடைந்தது. முதியவர் தன் மனைவியின் சூப்பை எக்ஸ்ட்ரீம்லி என்றும் அப்சலூட்லி என்றும் புகழ்ந்தார். அந்த அம்மா வெட்கப்பட்டு முகத்தை மூடினார். பிறகு கையை எடுத்துவிட்டு, தன் முறைக்கு, "இவர் ரியலி, ரியலி, ரியலி மெதுவானவர்" என்றார். அக்கா, அந்த அம்மாவின் கைப்பின்னலைப் பற்றி நிறுத்தாமல் பேசினார். அன்று ஒருவரும் தேநீர் போடவில்லை.

"இப்ப நீங்கள், டீச்சர்" என்றார் அக்கா. "உங்களைப் பற்றி."

"வகுப்பு முடிந்துவிட்டது" என்றேன்.

அவர் என்னைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். கீறல் விழுந்த வில்லையை அப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன். பிறகு எனக்கு வேலை இல்லை என்பதையும், மனைவி கொழும்பில் இருப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு எடுத்துவிட்டார்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, தங்கள் தொழிற்சாலையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வில்லை தேய்க்கும் யந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, நிரந்தரம், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன், புதன்கிழமை வாருங்கள் என்றார். செவ்வாய்க்கிழமை இரவு அண்ணை என்னைக் குசினியில் நிறுத்திவைத்துப் பயிற்சி தந்தார்.

"தகப்பனைப் பற்றிக் கதைக்கப்படாது."

"ஓம்."

"மாமாவை எடுக்கப்படாது. அக்காமாரை எடுக்கப்படாது."

"அப்ப நான் என்னத்தை அண்ணை கதைக்கிறது?"

"நீ படிப்பிக்கிற சாமான்களைக் கதையன்ரா! எக்ஸ்ட்ரீம்லி, கிக்ஸ்ட்ரீம்லி எண்டு நெடுகச் சொல்லுவாய்."

நேர்முகம் ஊழியர்கள் சாப்பிடும் அறையில் நடந்தது. சூப்பர்வைசர் பருத்த மனிதர், பேச்சுக் குறைவு. அக்காவுக்கு அது தேநீர் இடைவேளை. மூலையில் கெற்றிலைப் போட்டுவிட்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

"யந்திரம் தெரியுமா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

ஊரில் ரேடியோவைக் குடல் வேறு எலும்பு வேறாகப் பிரித்துப் பூட்டியவன் நான். ஐந்து சொற்களும் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. நின்ற இடத்திலேயே நின்றன.

"கொஞ்சம்" என்றேன்.

"சின்னச் சின்ன வேலை. கை பழக்கமா?"

"காட்டித் தந்தால் செய்வேன்."

அவர் பேனையை மூடினார். மிசிசாகாப் பெண் மணிக்கூட்டைப் பார்த்தது போலத்தான் இருந்தது. இன்றைக்கும் மனைவிக்கு "போல" என்று சொல்லவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது அக்கா திரும்பினார். அவர் பேசிய ஆங்கிலத்தை இயன்றவரை தமிழில் தருகிறேன்.

"என் டேப் ரிக்கோடர் செத்தது. கடைக்காரர் வீசு என்றார். இவர் திறந்தார். சின்னச் சின்ன ஆணி. இப்ப அது என்னை விட நல்லாய் இங்கிலீஷ் பேசுது."

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார்.

"பெரிய பனி ஒரு நாள். பஸ் இல்லை. வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. நான் நடந்து போனேன், கதவு பூட்டியிருக்கும், திரும்பலாம் என்று. இவர் வந்திருந்தார். காற்சட்டை முழங்கால் வரை பனி. நான் ஒரு ஆள். ஒரு ஆளுக்கு முழு வகுப்பும் எடுத்தார். சத்தம் மட்டும் குறைக்கவில்லை."

அன்று ஏன் போனேன் என்பதை அவரிடம் நான் சொன்னதில்லை. வீட்டில் இருந்தால் தொலைபேசி அடிக்கும், மனைவி கேட்பாள், சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த மேசையில்தான் நான் எதற்கோ உதவுகிற மனிதனாக இருந்தேன்.

"அப்படியானால் ஆள் நல்லவர்?" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா என்னைப் பார்த்தார். மிளகு, கொச்சிக்காய், அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும் அவர் மனது தட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஒன்றும் சரிவரவில்லை போல. பழைய உப்பையே எடுத்தார்.

"வெரி குட்" என்றார். அது போதாது என்று தோன்றியிருக்கவேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டு, அத்தனை மாதங்கள் தூக்கப் பயந்த குரலைத் தூக்கி, "வெஏஏஏரி குட்!" என்றார். அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மூன்று கோப்பைகளை எடுத்து வரிசையாக வைத்து, கெற்றிலைச் சரித்தார். எனக்கும் சூப்பர்வைசருக்கும் முன்னால் ஒவ்வொரு கோப்பை வந்தது.

"இது எதற்கு?" என்றார் அவர்.

"சட்டம்" என்றார் அக்கா.

என்ன சட்டம் என்று அவர் கேட்க, நான் சொன்னேன். என்னைப் பற்றி இல்லாத விஷயம் என்பதால் தங்குதடையின்றி வந்தது. உப்பு, மிளகு, பஸ் நிறுத்தம், அடுத்த நகரசபை எல்லை, ஓடிவந்த ஆசிரியை எல்லாம் சொன்னேன். அவருடைய வயிறு மேசையில் இடித்துக் குலுங்கியது. பேனையைத் திறந்து, "திங்கட்கிழமை வரமுடியுமா?" என்றார்.

அன்றிரவு தொலைபேசியில் மனைவியிடம் "போல" போடாமல் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. தொலைபேசிக் கார்ட்டில் காசு முடிந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். பிறகு, "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள்.

அவள் வந்து சேர்ந்தபோது அடுத்த குளிர்காலம் ஆகிவிட்டது. அதே கட்டடத்தில் சின்ன வீடு ஒன்று எடுத்திருந்தேன். அவள் வந்த அந்த வாரமே அக்கா ஒரு பை நிறையத் தோடம்பழங்களோடு பார்க்க வந்தார். அண்ணை கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, புட்டு என்று மேசையை நிரப்பிவிட்டு, "ஒண்டும் பெரிசாச் செய்யேல்லை" என்றார். அதை மொழிபெயர்த்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

சாப்பாடு முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். ஒரு நன்றி சொல்லவேண்டும். ஒரு வருடமாக யோசித்து வைத்திருந்தேன். எக்ஸ்ட்ரீம்லி என்று தொடங்கி அப்சலூட்லி என்று முடியும் நல்ல வசனம் அது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன், பக்கத்தில் குளிருக்கு இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இருந்த மனைவியைப் பார்த்தேன், வசனம் எங்கோ போய்விட்டது.

"தேங்க் யூ வெரி மச்" என்றேன்.

அக்கா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"தேத்தண்ணி போடட்டாம்."

"ஆரை? என்னையோ?"

"இல்லை. என்னை."

மனைவிக்கு அப்போது ஆங்கிலத்தில் தெரிந்தது கொஞ்சம்தான். விருந்தாளியை மெச்சவேண்டுமே என்று அதில் ஒன்றைத் தேடி எடுத்து, அக்காவைப் பார்த்துச் சிரித்து, "வெரி குட்!" என்றாள்.

அக்கா கையைத் தட்டினார். அண்ணை, "முடிஞ்சுது, நீயும் எழும்பு பிள்ளை" என்றார். ஏன் எதற்கு என்று விளங்காமலே அவளும் என் பின்னால் குசினிக்கு வந்தாள். நான் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். அவள் சீனி எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியாமல், ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.